ஆன்டிகுவாவில் பாஷை படித்தது

மத்திய அமெரிக்காவில் ஸ்பானிஷ் பாஷையைப் படிக்கவேண்டும் என்று எந்தத் தேசத்திலிருந்து எவர் புறப்பட்டாலும், அவர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேருகிற இடம் குவாத்தமாலா நாட்டிலுள்ள ஆன்டிகுவா என்னும் பழைய பட்டணம்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மூன்று எரிமலைகள் காவல் நிற்கும் சமவெளியில் அமைந்த இவ்வூர், இன்றைய மெக்ஸிகோவின் சியாப்பாஸ் பிராந்தியம் தொடங்கிக் கோஸ்டாரிக்கா வரையில் பரவியிருந்த ஸ்பானிய ஆட்சிப் பகுதிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகரமாக விளங்கி, 1773-ம் வருஷத்துப் பூகம்பத்தில் இடிந்து விழுந்து, அதற்கு மூன்று வருஷங்களுக்குப் பின் தலைநகரப் பதவியையும் இன்றைய குவாத்தமாலா நகரத்துக்குப் பறிகொடுத்தது. ராஜாங்கம் போய்விட்ட ஊரில் மிஞ்சியவை, கூரையில்லாத மாதா கோயில்களும், உருண்டைக் கற்கள் பாவிய நேரான வீதிகளும், நடுவில் முற்றமும் முற்றத்தில் காகிதப்பூக் கொடியும் வைத்துக் கட்டிய ஓட்டு வீடுகளுமே. அந்த வீடுகள் பலவற்றில் இன்று பாஷைப் பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன.

நான் அங்கே போன காரணம் வேறு. ஆயுளின் பெரும்பகுதியைக் குடிநீர்க் குழாய்களோடும் நீர்த்தேக்கத் தொட்டிகளோடும் கழித்து, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா உட்கார மனமில்லாமல் இருந்த காலத்தில், குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களுக்குக் குழாய் போட்டுக் கொடுக்கும் சேவா ஸ்தாபனம் ஒன்று தொண்டர்களைத் தேடுவதாக அறிந்து மனுப் போட்டேன். வயதைப் பற்றி அவர்கள் ஆட்சேபிக்கவில்லை. பாஷையைப் பற்றித்தான் ஆட்சேபித்தார்கள். 1961-ம் வருஷம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தோற்றுவித்த சமாதானப் படையில், தொண்டர்களை வேலைக்கு அனுப்புமுன் அந்தந்த நாட்டிலேயே ஒரு குடும்பத்தோடு தங்கவைத்து, பாஷையையும் தொழிலையும் சேர்த்துச் சுமார் மூன்று மாதம் பழக்கும் வழக்கம் உண்டு. என்னை ஏற்றுக்கொண்ட ஸ்தாபனமும் ஏறக்குறைய அதே முறையைத்தான் கையாண்டது. காலையில் இலக்கணம், பிற்பகலில் குழாய், மாலையிலும் இரவிலும் வீட்டாரோடு சம்பாஷணை: இதுவே திட்டம்.

விமானப் பிரயாணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூரம் அதிகம், தூக்கம் குறைவு. ஆனால் ஆன்டிகுவாவின் தெற்கே நிற்கும் மலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பரிபூரணமான கூம்பு வடிவில் 3,760 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்த எரிமலைக்கு ஸ்பானியர் இட்ட பெயர் 'ஆகுவா', அதாவது தண்ணீர். 1541-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் விடாது பெய்த மழையில், அதன் சரிவிலிருந்து சேறும் பாறையுமாகப் புறப்பட்ட வெள்ளம், அடிவாரத்திலிருந்த அக்காலத்துத் தலைநகரை ஓரிரவில் புதைத்துவிட்டது. கவர்னராயிருந்த தன் கணவன் பேத்ரோ தே அல்வராதோ இறந்த செய்தி கேட்டு அதிகாரத்தை அப்பொழுதுதான் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்த தோஞா பெயாத்ரிஸ் என்னும் சீமாட்டியும், பிரார்த்தனைக் கூடத்தில் தன் தோழிப் பெண்களோடு அந்த வெள்ளத்தில் மாண்டாள். அதற்குப் பிறகு இடம் பெயர்ந்து வந்து 1543-ல் கட்டிய ஊர்தான் ஆன்டிகுவா. மேற்கே உள்ள எரிமலைக்கோ 'ஃபுவேகோ', நெருப்பு, என்று பெயர். அது இன்றும் பெயருக்குப் பழுதில்லாமல் அடிக்கடி உறுமிப் புகை கக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஊரார் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இத்தனை வருஷம் தண்ணீரோடு உத்தியோகம் பார்த்த எனக்கு நெருப்பு மலையைவிடத் தண்ணீர் மலைதான் அதிக பயத்தைக் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பள்ளிக்கூடத்தின் முறை விசித்திரமானது. வகுப்பு என்பதே இல்லை. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் சிறு சிறு மர மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்கும் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஆசிரியர், எதிரே ஒரே ஒரு மாணாக்கர். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால், நடுவில் காப்பிக்கு விடும் சிறிது நேரம் நீங்கலாக, பன்னிரண்டு மணிவரை அந்த ஒருவரிடமிருந்து தப்ப வழி கிடையாது. பத்துப் பேர் உள்ள வகுப்பில் மந்தமானவன் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளலாம். இங்கே அந்தச் சௌகரியம் இல்லை. எனக்கு வாய்த்த ஆசிரியை நடுத்தர வயதுள்ள, குரல் உயர்த்தாத அம்மையார். ஸ்பெயின் தேசத்தில் அச்சான இலக்கணப் புத்தகத்தை நான் மேஜைமேல் வைத்ததும் அவர் செய்த முதற் காரியம், வினைச்சொல் அட்டவணையில் 'நீங்கள்' என்று பலரை அழைக்கும் 'வொசோத்ரோஸ்' என்ற வரியைப் பென்சிலால் அடித்ததுதான். ஒரு பக்கத்தில் அல்ல. பக்கம் பக்கமாகப் புரட்டி, கோடு கோணாமல், எல்லா அட்டவணைகளிலும் அடித்தார். அமெரிக்கக் கண்டத்தில் அந்த உருவம் புழக்கத்தில் இல்லை. அதற்குப் பதிலாக, புத்தகத்தில் இல்லாத 'வோஸ்' என்ற ஒருமையை ஓரத்தில் எழுதிச் சேர்த்தார். குவாத்தமாலாவில் நெருங்கிய சிநேகிதர்களுக்குள் 'வோஸ்', மரியாதைக்குரியவர்களுக்கு 'உஸ்தெத்', இரண்டுக்கும் நடுவே சிலரிடம் 'தூ' என்று மூன்று படிகள் உண்டு. நீ, நீர், நீங்கள் என்று படி வைத்துப் பேசிப் பழகிய நமக்கு இது ஒரு பாரமே அல்ல. என் பக்கத்து மேஜையில் இருந்த அமெரிக்க இளைஞருக்கோ, எதிரே வருகிறவரின் வயதையும் அந்தஸ்தையும் நிதானித்த பிறகே வாயைத் திறக்கவேண்டும் என்பது பெரிய தொல்லையாக இருந்தது.

இந்த இடத்தில்தான், நம்மவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஏறக்குறைய 50 கோடி ஜனங்களுக்குத் தாய்பாஷையாகவும், 20 நாடுகளில் ஆட்சி பாஷையாகவும் உள்ள ஸ்பானிஷை நாம் படிக்க நேரும்போதெல்லாம் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் படிக்கிறோம். அது தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு மதுரை வழியாகப் போவதற்குச் சமானம். ஆங்கிலம் பேசுகிறவன் இந்தப் பாஷையில் எங்கெங்கே இடறுகிறானோ, அந்த இடங்களில் பலவும் தமிழனுக்குச் சமதரை. 'வந்தேன்' என்று ஒரே சொல்லில் ஆளையும் காலத்தையும் அடக்கிப் பேசுகிறவனுக்கு, 'நான்' என்பதைத் தனியாகச் சொல்லாமல் விகுதியிலேயே உணர்த்தும் ஸ்பானிய வினைச்சொல் புதுமையாகத் தோன்றாது. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்லும் அதே அமைப்பில்தான் அவர்களும் 'மே கூஸ்தா' என்றும் 'மே துவேலே லா கபேஸா' என்றும் சொல்லுகிறார்கள். இதை விளக்க ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு முழு அத்தியாயத்தைச் செலவிடுகின்றன. 'இருத்தல்' என்னும் பொருளில் அவர்களிடம் 'சேர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் உள்ளன. 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமலும், 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்று வினையோடும் இருவகையாகப் பேசும் நமக்கு அந்த வேற்றுமையில் பாதிவழி வீட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

ஓசையிலும் இப்படியே. அவர்களுடைய தகரம் பல்லில் நாக்குத் தொடும் நம் தகரமேயன்றி ஆங்கிலேயருடைய டகரமன்று. உயிரெழுத்துகளுக்கு நடுவே அகப்பட்ட b, d, g என்னும் எழுத்துகள், நம் 'அது', 'பகல்' என்னும் சொற்களில் வல்லெழுத்து மெலிவதுபோலவே அவர்கள் வாயிலும் மெலிகின்றன. ஞகரம் அவர்களிடமும் உண்டு. அதை நகரத்தின்மேல் அலை வரைந்து எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரகரமும் றகரமும் அங்கே கண்டிப்பாக வேறு வேறு: 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். ரகர றகர பேதம் பேச்சிலிருந்து இன்னும் முற்றும் அழிந்துவிடாத நாஞ்சில் நாட்டில் பிறந்தவனாதலால், மற்றத் தொண்டர்கள் கண்ணாடியின் முன் நின்று நாக்கைத் துடிக்கவைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்த வேளையில் எனக்கு முற்றத்தில் உலாவ அவகாசம் கிடைத்தது.

ஆனால் நியாயத்தைச் சொல்லவேண்டும். மேஜை பெண்பால், புஸ்தகம் ஆண்பால் என்று உயிரில்லாத பொருள்களுக்கும் பால் வகுக்கும் வழக்கம், உயர்திணை அஃறிணை என்று அறிவை வைத்துப் பிரித்த நம் முன்னோரின் விவேகத்துக்கு முன் அநாகரிகமாகவே படுகிறது. நமக்கு அப்படிப் பட்டால் அவர்களுக்கு என்ன? மனனம் செய்யத்தான் வேண்டும். வினையை வாக்கியத்தின் கடைசிவரை வைத்துக் காக்கும் நம் வழக்கம் அங்கே செல்லாது. பேச்சின் நடுவில் வினையை எதிர்பார்த்து எதிரிலிருப்பவர் தவித்துப்போகிறார். 'நேற்று வந்த மனிதர்' என்று பெயரெச்சத்தால் முன்னே அடைத்துச் சொல்லுவதை, மனிதரை முதலில் நிறுத்திவிட்டு அவர் வந்த கதையைப் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது. விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும்போது வினையின் உருவமே மாறிவிடும் அவர்களுடைய வழக்கத்துக்கு, 'வாழ்க', 'வருக' என்னும் நம் வியங்கோள் தூரத்து உறவுதானே தவிர, கைகொடுத்துக் காப்பாற்றும் உறவன்று. சொற்களின் களஞ்சியத்திலோ ஆங்கிலம் அறிந்தவனுக்கே லாபம். லத்தீனிலிருந்து இரண்டும் வாரி எடுத்துக்கொண்டவை ஏராளம். ஆகையால் சொல்லுக்கு ஆங்கிலம், இலக்கணத்துக்கும் உச்சரிப்புக்கும் தமிழ் என்று பிரித்துக்கொண்டு படிப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

நான் தங்கியிருந்த வீட்டில், உண்மையான வித்தியாசாலை 'பீலா'வைச் சுற்றி நடந்தது. பீலா என்பது குவாத்தமாலாவில் ஏழை வீடு, பணக்கார வீடு எல்லாவற்றிலும் காணப்படும் சிமென்டுத் தொட்டி. நடுவில் ஆழமான நீர்த்தொட்டி, இருபுறமும் ஆழமில்லாத சரிவுப் பலகைகள். ஒரு பலகை பாத்திரத்துக்கு, வரிவரியாகக் கீறல் போட்ட மற்றொரு பலகை துணிக்கு. நடுத்தொட்டியில் எவரும் கையை விடக்கூடாது. பிளாஸ்டிக் கிண்ணத்தால் மொண்டு பக்கத்துப் பலகையில் ஊற்றித்தான் எதையும் கழுவவேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாழிகைகளுக்கும் அந்தத் தொட்டியே ஆதாரம். ஊருக்குள் இதே அமைப்பைப் பெரிதாக்கி, பனைமரங்கள் நிற்கும் பூங்காவின் ஓரத்தில், பெண்கள் வரிசையாக நின்று துவைக்கும் பொதுத் தொட்டியும் கட்டியிருக்கிறார்கள். இருபது வருஷம் நான் கச்சேரியில் உட்கார்ந்து எழுதிய சிக்கன நீர் உபயோக அறிக்கைகளைவிட இந்தச் சிமென்டுத் தொட்டி அதிகம் சாதித்திருக்கிறது. மாலை வேளையில் வீட்டுக்கார அம்மாள் துணியை அடித்துக்கொண்டே கேள்வி கேட்பார். நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே பதில் தேடுவேன். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குக் கூச்சம் குறைகிறது.

சாப்பாடு எனக்குக் கஷ்டம் தரவில்லை. மூன்று வேளையும் கறுப்பு அவரைப் பயறு வரும். ஆனால் வேகவைத்து முழுதாக, அரைத்து வடித்துக் குழம்பாக, எண்ணெயிலிட்டுப் புரட்டிக் கெட்டியாக என்று உருவம் மாறி மாறி வரும். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டி வட்டமாக்கும் தொர்த்தியா, அடுப்பிலிருந்து எடுத்ததும் துணியில் சுற்றி வைக்கப்படும். அந்தச் சுண்ணாம்பு வெறும் ருசிக்கு அல்ல. சோளத்திலுள்ள ஒருவகை ஜீவசத்தைப் பிரித்து உடம்பில் ஒட்டும்படி செய்வது அதுவே. ஒருநாள் சூப்பில் மிதந்த வெளிர் பச்சைத் துண்டைக் கண்டு, இது நம் சௌசௌ அல்லவா என்று திகைத்தேன். சௌசௌதான், அங்கே 'குவிஸ்கில்' என்பார்கள். பெங்களூர்க் கத்தரிக்காய் என்று நாம் அழைக்கும் அந்தக் காய்க்கு ஜன்மபூமி பெங்களூரும் அல்ல, சீமையும் அல்ல, இந்தப் பிரதேசமே. சாப்பிட்டு எழுகிறவர் மேஜையிலுள்ள எல்லோருக்கும் 'கிராஸியாஸ்' என்று வந்தனம் சொல்லவேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள், உண்டது உடம்பில் ஒட்டட்டும் என்கிற பாவனையில் 'புவேன் ப்ரொவேச்சோ' என்று பதில் சொல்லவேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையும் இதைத் தவறவிடுவதில்லை. இன்னொரு பிரயோகமும் அந்த வீட்டில்தான் பழக்கமாயிற்று. எந்த வாக்கியமாவது 'ஃபீஹெசே கே' என்று தொடங்கினால், நாம் கேட்டது இல்லை, அல்லது நடக்கவில்லை என்று பொருள். நம் ஊரில் 'அது வந்துங்க' என்று ஒருவர் இழுக்கும்போது மிச்சத்தைக் கேட்க அவசியமில்லாததுபோல, அங்கும் அவசியமில்லை.

தொழிற் பயிற்சிக்காகச் சீமல்தெனாங்கோ பக்கத்து மலைக் கிராமங்களுக்குப் போய்வந்தோம். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன பழைய பஸ்களை வாங்கி, வர்ணம் பூசி, நிக்கல் தகடு பதித்து, தெய்வப் படத்தை மாட்டி ஓட்டும் வண்டிகளில் பிரயாணம். மூன்று பேர் உட்காரும் பலகையில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கு அங்கே வரம்பு கிடையாது. மலையிலுள்ள ஊற்றுக் கண்ணைக் கட்டி, மேட்டிலுள்ள தொட்டிக்குக் குழாய் இழுத்து, அங்கிருந்து பம்பு இல்லாமல் சரிவின் வேகத்தாலேயே வீடுகளுக்குத் தண்ணீர் இறக்குவதே அந்தப் பக்கத்து முறை. ஊற்றின் வாயில் வாளியைப் பிடித்து, அது நிரம்பும் வினாடிகளைக் கடிகாரத்தில் பார்த்து, ஊருக்குக் கிடைக்கும் நீரைக் கணக்கிடவேண்டும். வருஷத்தில் மழையில்லாத கடைசி மாதங்களான மார்ச்சு, ஏப்ரலில் அளப்பதே சரியான அளவு. மழைக்காலத்தில் அளந்து குழாய் போட்டவர்களின் வறண்ட குழாய்களை எல்லாத் தேசங்களிலும் காணலாம்.

அந்தக் கிராமங்களில்தான், இத்தனை பாடுபட்டுப் படித்த ஸ்பானிஷ் பாதிவழிப் பாஷைதான் என்பது வெளியாயிற்று. அங்குள்ளவர்கள் வீட்டில் பேசுவது கக்சிக்கேல். குவாத்தமாலாவில் மாயா இனத்தாரின் பாஷைகள் 22 உள்ளன. அவற்றில் இதுவும் ஒன்று. தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதைப் பற்றிப் பள்ளிக்கூட அறையில் நான் சிறு பிரசங்கம் செய்யவேண்டியிருந்தது. பூவேலை செய்த ரவிக்கையும் கையால் நெய்த பாவாடையும் உடுத்திய பெண்கள் பலகைகளில் அமர்ந்திருந்தார்கள். நான் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தியதும், தண்ணீர்க் கமிட்டித் தலைவர் எழுந்து அதைக் கக்சிக்கேலில் சொல்லுவார். என் ஒரு வரி அவர் வாயில் நாலு வரியாகும், கிழவிகள் சிரிப்பார்கள், பிறகு ஒரு கேள்வி புறப்பட்டு அதே வழியில் திரும்பிவரும். விறகுக்கு யார் பணம் கொடுப்பது என்பதே முதற் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு என் பிரசங்கத்தில் விடை இருக்கவில்லை. தொட்டியில் குளோரின் சொட்டவிடும் யோசனை அந்தக் கேள்விக்குப் பிறகே திட்டத்தில் சேர்ந்தது.

நகரத்தாருடைய வேகமான ஸ்பானிஷைவிட இந்தக் கிராமத்தாருடைய ஸ்பானிஷ் எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர்களுக்கும் அது படித்துக்கொண்ட பாஷை. ஆகையால் நிதானமாக, சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பேசினார்கள். ஊற்றைக் காவல் பார்க்கும் கிழவர் தம் மகனோடு கக்சிக்கேலில் பேசிக்கொண்டே போகையில், குழாயும் சிமென்டும் கமிட்டியும் எண்களும் மட்டும் ஸ்பானிஷில் வந்து விழும். அப்படி வந்து விழக் காரணமான சரித்திரம் இன்பமானதன்று. கக்சிக்கேல் பேசும் ஜனங்கள் ஸ்பானியர் வருகைக்குமுன் தனி அரசு வைத்திருந்தவர்கள். அண்மைக் காலத்தில், 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் மாண்டவர்களில் பெரும்பாலோர் மாயா இனத்தார். 1992-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மெஞ்சு என்னும், மாயா இனத்தில் கிச்சே பிரிவைச் சேர்ந்த பெண்மணி, வளர்ந்த பிறகே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர். தம் ஜனங்கள் பட்ட துயரத்தை உலகம் கேட்கவேண்டுமானால் அந்தப் பாஷையில் சொல்லவேண்டும் என்றே கற்றார். மாயா பாஷைகளைத் தேசிய பாஷைகளாக ஏற்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. தொண்டர்களாகப் போகிற நாம் இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல், 'இவர்களுக்கு ஸ்பானிஷ்கூடச் சரியாக வரவில்லை' என்று எழுதிவைத்துவிட்டுத் திரும்பினால், அது மகாபாதகம்.

அயலார் பாஷையைக் கற்று அதற்கு இலக்கணம் எழுதுவது புதிதன்று. ஆன்டிகுவாவில் 1753-ம் வருஷம் ப்ளோரெஸ் என்னும் பிரான்சிஸ்கன் துறவி கக்சிக்கேல் பாஷைக்கு இலக்கணம் எழுதி அச்சிட்டார். அதற்கும் முன்பே, ஸ்பெயினுக்கு அண்டை நாடான போர்ச்சுக்கலிலிருந்து நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அன்றீக்கு அடிகளார், தம் நாட்டவர் தமிழ் கற்பதற்காகப் போர்த்துக்கீசிய பாஷையில் தமிழ் இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை அச்சிட்டவரும் அவரே. அயலார் நம் பாஷைக்கு அத்தனை சிரமம் எடுத்துக்கொண்டார்கள். இரு பாஷையும் கற்ற தமிழ் ஆசிரியர்கள், ஆங்கிலத்தின் தயவில்லாமல், வேற்றுமையும் விகுதியும் வியங்கோளும் தெரிந்த தமிழ் மாணாக்கனை நேரே அழைத்துச் செல்லும் ஸ்பானிய இலக்கணம் ஒன்றை நல்ல தமிழில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். நான் கைப்பட எழுதிவைத்த குறிப்புப் புஸ்தகங்களை அந்த வேலைக்கு எவர் கேட்டாலும் கொடுக்கச் சித்தமாயிருக்கிறேன்.